காட்டு மிருகம் கண்ணுல பட்டா யாருக்கு நன்றி சொல்றது?

2023 ஆகஸ்ட் 3

ஆகஸ்ட் 1 சிறுத்தை தினம்னு நான் நாலு வரி போட்டதுக்கு ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அக்கா, புலிய பாத்தோம், நன்றின்னு எழுதுறீங்க. அது உங்களுக்காக வரல, அது பாட்டுக்கு போகுது. நன்றின்னா ஏதாவது குடுத்தவங்களுக்கு சொல்றது. இங்க யாரு யாருக்கு என்னத்த குடுத்தா? கொழும்புல இருந்து வேன்ல வர்றவங்க சொன்னா சரி, தோட்டத்துல பொறந்த நீங்களுமா?"

கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்றேன். தோட்டத்துல பொறந்ததாலதான் சொல்றேன்.

எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. 1994ல ஒரு நாள் ஒம்பதாம் நம்பர் மலை, அம்மாவுக்கு தொங்கல் நிரை, அதான் கடைசி வரிசை, அதத் தாண்டினா காடு. பனி மூட்டத்துல பக்கத்து நிரையில நிக்கிற ஆளே தெரியாது, பேச்சு சத்தம் மட்டும்தான் வரும். பொலி பொலின்னு சொல்லி முதல் கொழுந்த கிள்ளி கூடையில போட்டு ஒரு பத்து செடி தாண்டியிருப்பாங்க. கானுக்குள்ள, தண்ணி ஓடுற வாய்க்கால்ல, ஏதோ பழுப்பா கிடக்கு. யாரோ இடுப்புல கட்டுற படங்கு சாக்க மறந்துட்டு போயிட்டாங்கன்னு எடுக்க குனிஞ்சிருக்காங்க. படங்கு மூச்சு விட்டுச்சு.

ரெண்டு முழம் தூரத்துல புலி. அது தலைய தூக்கி பாத்துச்சு, பல்ல காட்டல, உறுமல. மீசை மசுருல பனித்தண்ணி முத்து முத்தா தொங்கிக்கிட்டு இருந்தத அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க. அம்மா வாயில வந்தது "சாமி"ங்கிற ஒரே வார்த்தை. அப்படியே பின்னாலயே நடந்து வந்திருக்காங்க, கூடை ஒவ்வொரு செடியிலயும் மாட்டி மாட்டி இழுக்குது. அதுவும் எந்திரிச்சு முதுக வளைச்சு சோம்பல் முறிச்சு வால் நுனி வெள்ளைய மேல தூக்கிக்கிட்டு தேயிலைக்குள்ள எறங்கி போயிருச்சு.

அன்னைக்கு அம்மாவுக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் போட்டாங்க. கிலோ கொறஞ்சு போச்சு. என்ன நடந்துச்சுன்னு சொல்லியும் கணக்கப்பிள்ளை கேக்கல. அம்மா அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல, லயத்துல எங்க காம்பராவுக்கு, வீட்டுக்கு வந்து வெளக்கு பொருத்தி வெச்சு, "புள்ளைங்ககிட்ட திருப்பி அனுப்பிருச்சு"ன்னு சொன்னாங்க. எனக்கு அப்ப பத்து வயசு.

எடுத்திருக்கலாம். எடுக்கல. தம்பி, நீங்க கேட்ட "என்னத்த குடுத்தா"ங்கிறதுக்கு என் வீட்டு கணக்கு இதுதான்.

2023 ஆகஸ்ட் 4

திருத்தம். அம்மாவுக்கு போன் போட்டு நான் எழுதினத வாசிச்சு காட்டினேன். "94 இல்லடி, நம்ம நாடு வேர்ல்ட் கப் ஜெயிச்ச வருசம், உங்க தாத்தா அப்பதான் செத்தாரு"ன்னாங்க. அப்ப அது 1996. எனக்கு பன்னெண்டு. ரெண்டு முழமும் இல்லையாம், கூடைய படுக்க வெச்சா எவ்வளவு நீளமோ அவ்வளவாம். மீசையில இருந்த பனித்தண்ணிய மட்டும் நான் சரியா எழுதியிருக்கேனாம்.

இன்னொன்னு, நான் புலின்னு எழுதினத ரெண்டு பேர் திருத்தியிருக்காங்க. தெரியும். இந்த தீவுல வரிப்புலி கிடையாது, சிங்கமும் கிடையாது, நம்ம ஆளுங்க புலின்னு சொல்றது சிறுத்தைய. பந்தேரா பார்டஸ் கோட்டியான்னு தனி உள்ளினம், உலகத்துல இங்க மட்டும்தான் இருக்கு, இங்க உள்ள காட்டுல அதுக்கு மேல வேற வேட்டை மிருகம் இல்ல. ஆனா அம்மா வாயில அது புலி. இனிமேலும் அம்மா கதைய சொல்றப்ப புலின்னுதான் எழுதுவேன்.

2023 ஆகஸ்ட் 9

பொகவந்தலாவ பக்கத்து அண்ணன் ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார். "குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கிடக்குற பொம்பளைங்கள்ட்ட போய் நன்றின்னு சொல்லிப் பாருங்க டீச்சர்."

ரெண்டு நாளா இதுக்கு பதில் எழுதி எழுதி அழிச்சேன். எங்க சித்திக்கு கொட்டியிருக்கு. மலையில ஓட முடியாது, கூடை தலையில, கீழ கான், மேல கல்லு, எந்தப் பக்கம் கால வைக்கிறது. சித்தி தலைய படங்கால மூடிக்கிட்டு செடிக்கு கீழ படுத்துக்கிட்டாங்க. முகம் மூணு நாளு வீங்கி கண்ணே தெறக்கல. லொறியிலதான் ஏத்திட்டு போனாங்க, ஆம்புலன்ஸ் வரல. நான் பக்கத்துல உக்காந்து கொடுக்க ஒன்னொன்னா நகத்தால சுரண்டி எடுத்தேன், தோலுக்குள்ள கறுப்பு கறுப்பா குத்தி நின்னுச்சு.

அங்க போய் நான் நன்றின்னு சொல்ல மாட்டேன் அண்ணே. நீங்க சொல்றது சரி. ஆனா ஒன்னு சொல்லணும், நம்ம ஆளுங்க குளவின்னு சொல்றது பல நேரம் குளவி இல்ல, பாறையிலயும் ஒசந்த டர்பன்டைன் மரத்துலயும் பெரிய பெரிய அடையா தொங்குற மலைத்தேனீ. சிங்களத்துல பம்பரான்னு சொல்றது. கொட்டினா கொடுக்கு தோல்லயே நின்னு போச்சுன்னா அது தேனீ, குளவி கொடுக்க விட்டுட்டு போகாது. பருந்து அடைய கொத்தினாலோ புகை போனாலோ கிளம்பும், கிளம்பினா யாருன்னு பாக்காது. கூடு எந்த மரத்துல இருக்குன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் அந்த மரத்துக்கு அடியில நிரை போட்டு அனுப்புறாங்க பாருங்க, என் கோபம் அங்கதான். தேனீ மேல இல்ல.

2023 ஆகஸ்ட் 10

நேத்து எழுதினத திரும்ப படிச்சேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் தேனீ பாடம் நடத்தியிருக்கேன். மன்னிச்சிருங்க. சித்திய விட மோசமா கொட்டு வாங்கி திரும்பி வராதவங்க நம்ம ஊர்கள்ல எத்தனையோ பேர் இருக்காங்க. அந்த வீட்டுக்காரங்கள்ட்ட இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

2023 செப்டம்பர் 17

ஸ்கூல் புள்ளைங்க இருபத்தி ரெண்டு பேர கூட்டிக்கிட்டு ஹோர்ட்டன் ப்ளேன்ஸ் போனோம். அட்டன்ல விடிய முன்னாடி வேன். வாசல்லயே பேக்க தொறந்து பொலித்தீன் எல்லாம் எடுத்துருவாங்க, தண்ணி போத்தல்ல ஒட்டியிருக்குற லேபல கூட கிழிச்சு வாங்கிக்குவாங்க, புள்ளைங்க ரொட்டிய பேப்பர்ல சுத்தி கொண்டு வந்ததால தப்பிச்சோம்.

சிம்னி பூல் தாண்டி புல்வெளியில பனி. எல்லாம் வெள்ளை. முன்னால போன புள்ள சட்டுனு நின்னுருச்சு, பின்னால வந்தது எல்லாம் அது முதுகுல முட்டிக்கிட்டு நிக்குது. இருவது அடியில மரை, பெரிய மான் சாதி. கொம்பு வெச்ச கடா. முதல்ல கொம்பு தெரியல, மூச்சுதான் தெரிஞ்சுது, புசுக் புசுக்குனு ரெண்டு புகை. அப்புறம் கழுத்து, ஈர மசுரு கொத்து கொத்தா ஒட்டி அதுல புல்லு விதை. வாயில பாதி மென்ன புல்லு அப்படியே நிக்குது, எங்கள பாத்ததுல மெல்லுறத நிறுத்திருச்சு. இருவத்தி ரெண்டு புள்ளைங்க, இந்த வயசு, ஒரு சத்தம் இல்ல. போன் கையில இருந்துச்சு, எடுக்கணும்னு தோணல. அப்புறம் தாடை மறுபடி அசைஞ்சுது. அந்த ஒரு அசைவுதான் எனக்கு போதுமா இருந்துச்சு, நாங்க பயப்பட வேண்டியவங்க இல்லன்னு அது முடிவு பண்ணிருச்சு.

திரும்பி வர்றப்ப ஒரு பொடியன் கேட்டான், "டீச்சர், அதுக்கு நம்மள புடிச்சிருந்துச்சா?" என்ன சொல்ல. புடிச்சிருக்கணும்னு இல்லடா, நம்மள சகிச்சுக்கிச்சுன்னேன். அவன் அதுக்கே சந்தோசப்பட்டான்.

2023 செப்டம்பர் 18

"மரை பாக்க பனியில நடக்கணுமா, பூங்காவுக்குள்ள ஃபார் இன் கட்டடத்து பார்க்கிங்லயே நிக்குதே, பிஸ்கட் குடுத்தா கைக்கே வருது"ன்னு ஒருத்தர். ஆமா, நாங்களும் பாத்தோம். நேத்து அத எழுதல, எழுத மனசு வரல.

வேன் கதவு தொறந்தா தலைய உள்ள விடுது. ஒருத்தர் பான் (பாண், பிரெட்) துண்டு நீட்டினார், அவர் சம்சாரம் வீடியோ எடுக்குறாங்க. பொலித்தீன் பையோட முழுங்கி குடல் அடைச்சு செத்த மரைகள் இருக்கு. வாசல்ல லேபல் கிழிக்கிறது சும்மா இல்ல. என் புள்ளைங்கள்லயும் ஒன்னு ரொட்டிய நீட்டிருச்சு, நான் கைய தட்டி விட்டேன், அது அழுதுருச்சு. அந்தப் புள்ளைக்கு தெரிஞ்ச நன்றி அதுதான், வீட்டுக்கு வந்தவங்களுக்கு சோறு போடுறது. அத எப்படி தப்புன்னு சொல்றது? அங்க நாமதான் அது வீட்டுக்கு போன விருந்தாளி, விருந்தாளி அடுப்புல கைய வைக்கக் கூடாதுன்னு சொல்லி சமாதானம் பண்ணேன். இப்ப யோசிச்சா கைய தட்டி விட்டிருக்கத் தேவையில்ல, மெல்ல புடிச்சிருக்கலாம்.

பனியில நின்ன கடாவும் பார்க்கிங்ல நின்னதும் ஒரே சாதிதான். ஒன்ன பாத்து நிமிந்து நின்னோம், இன்னொன்னப் பாத்து எனக்கு அழுகை வந்துச்சு.

2023 செப்டம்பர் 24

கொஞ்சம் வேற பக்கம் போறேன். மரை பத்தி எழுதினதும் ஒரு ஐயா ஞாபகப்படுத்தினார், நுவரெலியா கோல்ஃப் மைதானத்து ஓரத்துல கிடக்குற கல்லறைய. மேஜர் தாமஸ் ரோஜர்ஸ். 1,400 யானைக்கு மேல சுட்டவர்னு சொல்றாங்க. 1845ல அப்புத்தளையில மின்னல் அடிச்சு செத்தார். அவர் கல்லறை மேலயும் மின்னல் விழுந்து கல்லு பிளந்துச்சுன்னு ஊர்ல கதை.

மின்னல் தண்டனைன்னு எங்க ஆளுங்க சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அது மலை உச்சி, மின்னல் விழத்தான் செய்யும். ஆனா அந்த எண்ண நினைச்சுப் பாருங்க. இப்ப ஹோர்ட்டன் ப்ளேன்ஸ்ல ஒரு யானை இல்ல. சிவனொளிபாத மலைக் காட்டுல மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக் கிடக்கு. அந்தக் காலத்துலயே கோப்பி, கூடவே நாங்க, அப்புறம் தேயிலை. எங்க முன்னோர்கள கொண்டு வந்து வெட்டச் சொன்ன காடு அது. வெட்டினது எங்க கைதான், வேண்டாம்னு சொல்ற இடத்துல அவங்க இல்ல. அம்மா நிரைக்கு மேல காடுன்னு எழுதினேனே, ஒரு காலத்துல அம்மா நின்ன இடமும் காடு. புலி அம்மா மலைக்கு வரல, அம்மாதான் புலி மலையில நின்னாங்க.

ஐயாவுக்கு இன்னொரு பதில்: ஹோர்ட்டன் ப்ளேன்ஸ் 1969ல சரணாலயம், 1988ல தேசியப் பூங்கா. 2010ல நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடு, ஹோர்ட்டன் ப்ளேன்ஸ் மூணையும் சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க.

2023 அக்டோபர் 14

குவார்ட்டர்ஸ் ஜன்னல்ல டப்புனு சத்தம். பந்துன்னு நெனச்சு வெளிய போனா ஆறுமணிக்குருவி. மல்லாக்க கிடக்கு.

அட்டைப்பெட்டியில பழைய துண்டு போட்டு உள்ள வெச்சேன், மூடி இருட்டாக்கி அடுப்படி மூலையில வெச்சிட்டேன். தண்ணிய வாயில ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்கு போயிரும், அதுனால ஊத்தல. கையில எடுத்த அந்த நேரத்துக்குள்ள பாத்தது: முதுகு பச்சை, தோள்ல ஒரு நீலத் துண்டு, மினுமினுன்னு, கண்ணுக்கு குறுக்க மையிட்ட மாதிரி கறுப்பு பட்டை, அடி வயித்துல குங்குமச் சிவப்பு, வால் இருக்கா இல்லையான்னு ஒரு துளி. நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி விரல்ல தட்டுது, சதையே இல்ல. ஒரு கொழுந்துக் கைப்பிடி கனம் கூட இல்ல. இது இமய மலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு, மழைக்காலம் முடிய கடல் தாண்டி இங்க வர்றது. வந்து எறங்குற நாள்ல இப்படித்தான் களைச்சுப் போய் வீட்டுக்குள்ளயும் ஜன்னல்லயும் விழும்.

ஒன்றரை மணி நேரம். பெட்டிக்குள்ள கரக் கரக்குனு நகம் கேட்டுச்சு. வாழை மரத்தடியில வெச்சு மூடிய தொறந்தேன். உடனே போகல. பெட்டி விளிம்புல ஏறி நின்னு, என்ன ஒரு கண்ணால பாத்துட்டு, திரும்பி அடுத்த கண்ணால பாத்துட்டு, சருகுக்குள்ள குதிச்சு எறங்கி நடந்தே போயிருச்சு.

தம்பி, இங்க யாரு யாருக்கு குடுத்தாங்கன்னு நீங்க கேப்பீங்க. பெட்டி நான் குடுத்தேன். ஆனா நன்றி சொன்னது நான்தான், வாய் விட்டு, அடுப்படி வாசல்ல நின்னு.

2023 அக்டோபர் 15

சாயந்தரம் 5.55க்கு வேலிப்பக்கம் கூப்பிட்டுச்சு. பேருக்கு ஏத்த மாதிரி ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம் முன்னால. அதே குருவியான்னு எனக்கு தெரியாது. ஜன்னல்ல காகிதத் துண்டு ஒட்டியாச்சு, ரெண்டு விரல் இடைவெளியில.

2023 நவம்பர் 5

இடம் கேக்குறவங்களுக்கு. எந்தத் தோட்டம், எந்த நம்பர், எத்தனை மணிக்கு வந்தா புலி பாக்கலாம்னு உள்பெட்டியில பதினாலு பேர். சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

ஏன்னு சொல்லிடுறேன். சில வருசத்துக்கு முன்னாடி பக்கத்து தோட்டத்துல ஒன்னு கம்பியில மாட்டிக்கிச்சு. காட்டுப்பன்னிக்கு வெச்ச சுருக்கு, பைக் கேபிள். இடுப்புல விழுந்திருந்துச்சு. இழுக்க இழுக்க உள்ள இறுகும். செய்தி போன அரை மணி நேரத்துல எரநூறு பேர் கூடியாச்சு, மரத்துல ஏறி நின்னு வீடியோ, சத்தம், கல்லு. அது ஒவ்வொரு சத்தத்துக்கும் பாஞ்சு பாஞ்சு தன்னையே அறுத்துக்கிட்டு இருந்துச்சு. மருத்துவர் தூரத்துல இருந்து வரணும், வந்து மயக்க ஊசி போட்டு கொண்டு போனாங்க, பொழைக்கல. நானும் அந்தக் கூட்டத்துல நின்னேன். வீடியோ எடுக்கல, ஆனா நின்னேன். என் ரெண்டு காலும் அந்தக் கூட்டத்துல ரெண்டு காலுதான்.

2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை இதே மாதிரி சுருக்குல மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்கு கொண்டு போய் மூணு நாள்ல செத்துச்சு. அந்தக் கறுப்பு உடம்பு படத்த எல்லாரும் பகிர்ந்தோம்.

2023 நவம்பர் 6

ஆபத்துல உள்ள உயிரினங்களோட சிவப்புப் பட்டியல்ல சிறுத்தை "அருகிய இனம்"னு ஒரு பதில்ல எழுதிட்டேன், தப்பு. 2020ல இருந்து நம்ம சிறுத்தை ஒரு படி கீழ, "பாதிக்கப்படக்கூடியது"ங்கிற வரிசையில. நல்ல செய்திதான், ஆனா வளர்ந்தது ஆயிரம்கூட இருக்காதுன்னு கணக்கு.

பொகவந்தலாவ அண்ணன் திரும்ப வந்திருக்கார், இந்த தடவை கோபமில்ல. "பன்னி ஒரு ராத்திரியில கிழங்கு பாத்தி முழுசும் புரட்டிருது. கம்பி வெக்கிறவன் புலிய கொல்ல வெக்கல. அவன் வயித்துக்கு என்ன பதில்?" அண்ணே, அந்த ஆள் யாருன்னு எனக்கு தெரியும். எங்க தாய்மாமா. அந்த இடுப்புல மாட்டின கம்பி அவர் வெச்சது இல்ல, ஆனா அவரும் வெப்பார். என் கல்யாணத்துக்கு வந்த பன்னி இறைச்சி எதுல மாட்டினதுன்னு நான் கேட்டதே இல்ல.

2023 டிசம்பர் 10

மாமாகிட்ட பேசினேன். பேச ஒரு மாசம் ஆச்சு, தைரியம் வரணுமே. புள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி சொல்ல முடியாது, அவர் என்ன தோள்ல தூக்கி வளத்தவர். பிளேன்டீ ஊத்தி குடுத்துட்டு, அம்மா கதைய மட்டும் சொன்னேன். அவருக்கு தெரிஞ்ச கதைதான். "அக்கா அன்னைக்கு திரும்பி வரலன்னா நான்தான்டி உங்க மூணு பேரையும் பாத்திருக்கணும்"னு சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, சீனித் துண்ட கடிச்சுக்கிட்டே வெளிய பாத்துக்கிட்டு இருந்தார்.

போறப்ப, "ஏழு இடத்துல வெச்சிருக்கேன்"னார்.

பன்னிக்கு என்ன செய்றதுன்னு கேட்டார். கைல பதில் இல்ல. பாத்திய சுத்தி தகரம் அடிச்சு, காவல் தீ போட்டு, நாலு வீடு சேந்து மாறி மாறி முழிக்கிறதுன்னு பேசியிருக்கோம். தகரத்துக்கு நான் பாதி காசு தாறேன்னேன். இந்த வருசம் கொஞ்சம் கிழங்கு போகத்தான் செய்யும், மாமா அத சொல்லியே காட்டிட்டார்.

2023 டிசம்பர் 23

மாமா, நான், பெரிய வகுப்பு பொடியன்க மூணு பேர். காலுக்கு சோப்பு தேச்சுக்கிட்டு போனோம், அப்படியும் அட்டை. ஒவ்வொரு சுருக்கும் பன்னி போற தடத்துல, முழங்கால் ஒசரத்துல, கொய்யா மரத்துலயோ வேர்லயோ கட்டி, மேல மாணா புல்லு மூடி. மாமா காட்டலன்னா நான் கால வெச்சிருப்பேன். பிளையரால நாலு தடவ அழுத்தினாத்தான் கேபிள் அறுபடுது, உள்ள அத்தனை இழை. மூணாவது கம்பியில மசுரு சிக்கியிருந்துச்சு, முரட்டு மசுரு, பன்னிதுதான்னு மாமா சொன்னார். நான் விரல்ல உருட்டிப் பாத்து உருட்டிப் பாத்து, பன்னிதுதான்.

அவர் வெச்சதுல ஆறு கெடச்சுது. அவர் வெக்காதது அஞ்சு கெடச்சுது. மாமாவே அதிர்ந்து போயிட்டார், "இது யாரு வெச்சதுன்னே தெரியலயேடி"ன்னு.

காட்டுக்குள்ள மந்தி கத்துச்சு ஒரு தடவ, கரகரன்னு, எல்லாரும் நின்னோம். கீழ ஏதாவது நடந்தா அது அப்படி கத்தும். ஒன்னும் வரல. மாமா தலப்பாவ கழட்டி கையில புடிச்சுக்கிட்டு நின்னார், மந்தி சத்தம் அடங்குற வரைக்கும்.

2023 டிசம்பர் 24

ஏழாவது இன்னும் கெடைக்கல. மழைக்கு ஓடை பக்கம் மண்ணு சரிஞ்சு அவர் வெச்ச அடையாளக் கல்லு போயிருச்சாம். ராத்திரி தூங்கலன்னு மாமி போன்ல சொன்னாங்க. விடிஞ்சதும் தனியா கெளம்பப் போனவர மாமிதான் புடிச்சு வெச்சிருக்காங்க. நாளைக்கு லீவு, ஆறரைக்கு லயத்து பீலிக்கரையில, தண்ணி புடிக்கிற இடத்துல, நிப்போம். பக்கத்துல இருக்கவங்க யாராவது வர்றதா இருந்தா ஒரு பிளையரும் நீளக்கை சட்டையும் கொண்டு வாங்க.